முகம் பார்த்து வாசித்தவள்

பங்குனி மாதம் பள்ளி ஆண்டு விழாவில், யு.கே.ஜி. படித்த யாழினி மேடையேறி ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வாசித்தாள். பன்னிரண்டு பக்கம். வரிக்குக் கீழே சுட்டுவிரல் இடமிருந்து வலமாக நகர்ந்தது. பக்கம் முடிந்ததும் விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்பினாள். கோழித்தீவன வாடை போக இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர்களும், பண்ணைகளில் முட்டை பொறுக்குகிறவர்களும் கை தட்டினார்கள். அடுத்த வாரமே பள்ளித் தாளாளர் நாச்சிமுத்து, புதுச்சத்திரம் மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோட்டில் ஒரு பிளெக்ஸ் வைத்தார். கையில் புத்தகத்தோடு யாழினி நின்றாள். மேலே ‘ஐந்து வயதில் ஆங்கிலம் வாசிக்கிறாள்’ என்றும், கீழே அட்மிஷனுக்கு அழைக்க வேண்டிய எண்ணும் இருந்தன.

யாழினியின் அம்மா தனப்பிரியா அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தாள். பள்ளிக்குள் யாழினியும் மற்றப் பிள்ளைகளைப் போல அவளை ‘மிஸ்’ என்றே கூப்பிட வேண்டும். வேனை விட்டு இறங்கி வீட்டுக் கேட்டைத் தாண்டிய பிறகுதான் ‘அம்மா’.

தனப்பிரியாவுக்கு ஆங்கிலம் பிந்தித்தான் வந்தது. ராசிபுரத்தில் மூன்று வருடம் பி.ஏ. ஆங்கிலம் படித்தாள். அந்த மூன்று வருடமும் வகுப்பில் வாய் திறந்ததில்லை. ஒரே ஒரு முறை பேராசிரியை எழுப்பி ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். ‘ஐலண்ட்’ என்று படிக்க வேண்டிய சொல்லை அவள் எழுத்துக் கூட்டி ‘இஸ்லாண்ட்’ என்று படித்தாள். சேலத்திலிருந்து வந்த பிள்ளைகள் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். பட்டம் வாங்கும்வரை அவள் பெயரே ‘இஸ்லாண்ட்’ ஆகிப் போனது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு, கைபேசியில் பாடம் கேட்டுக்கொண்டு மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் விடியாலையில் தனியாக நடந்தாள். கேட்டதையெல்லாம் கிழங்குச் செடிகளிடம் திருப்பிச் சொன்னாள். இரண்டு வருடம் அப்படி நடந்துதான் வேலைக்கு மனுப் போடும் தைரியம் வந்தது.

கெட்டிக்கார டீச்சர்தான். ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று கத்த வைப்பதோடு விட்டுவிடுகிறவள் இல்லை. எழுத்தின் பெயருக்கு முன்னால் அதன் சத்தத்தைச் சொல்லித் தருவாள். ஒன்றோடு ஒன்று சத்தத்தை ஒட்டிப் பார்க்கச் சொல்வாள். தீபாவளி லீவு விடுவதற்குள் அவள் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் சின்னச் சொற்களைத் தாமே வாசிக்கத் தொடங்கிவிடும்.

யாழினிக்கு வாசிக்கத் தெரியாது என்பது தனப்பிரியாவுக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தோசை ஊற்றிக்கொண்டே அந்தப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். இரண்டாம் தடவையே பிள்ளை முழுவதையும் ஒப்பித்தது. எந்தப் படத்தில் எந்த வரி, எங்கே தாளைத் திருப்ப வேண்டும் எல்லாம் அதன் மனதில் பதிந்துவிட்டது. விரலை வரிக்குக் கீழே நகர்த்தச் சொல்லிக்கொடுத்ததும் தனப்பிரியாதான். ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புக்கு வரட்டும், நம்மிடம்தானே வருகிறாள், எழுத்து தானாகப் பிடிபட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் போனது, ஜூலையும் போனது. எழுத்து பிடிபடவில்லை.

ஆடி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வெளியே காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பெங்களூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து பண்ணை பார்க்கிற ஒருவர், தன் மகனுக்கு வாங்கிய புதுக் கதைப் புத்தகத்தோடு வந்திருந்தார். யாழினியைப் பார்த்ததும் அவருக்கு பிளெக்ஸ் நினைவுக்கு வந்துவிட்டது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

“நீதானே பாப்பா அந்த போர்டுல இருக்கறது? இதக் கொஞ்சம் படி பாக்கலாம். எம்பையனுக்கும் ஒரு ஆச வரட்டும்.”

யாழினி புத்தகத்தை வாங்கினாள். வெள்ளையாக ஒரு பறவையும் அதன் பின்னால் நான்கு குஞ்சுகளும் படத்தில் இருந்தன. அவள் விரலை வரிக்குக் கீழே வைத்து, தெளிவான குரலில் தொடங்கினாள். “தி ரெட் ஹென் சேட் ஆன் தி மேட்.” ஆண்டு விழாப் புத்தகத்தின் முதல் வரி அது. அந்தப் பக்கத்தில் இரண்டு வரிதான் இருந்தது. அவள் நான்கு வரி சொல்லிவிட்டு விரலை நாக்கில் தொட்டாள்.

அந்த மனிதர் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார்.

“மேடம், இதுல ரெட் ஹென்னே இல்லீங்களே. இது வாத்துங்க.”

சுற்றி நின்றவர்கள் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். யாழினி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். எங்கே தப்பு என்று தெரியாமல், இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். தனப்பிரியா புத்தகத்தை அவள் கையிலிருந்து எடுத்து உரியவரிடம் கொடுத்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு நாச்சிமுத்து அவளை அறைக்குக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். யாரையும் ஒருமையில் பேசமாட்டார்.

“உக்காருங்க டீச்சர். தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க சொல்லிக்குடுக்கற மாதிரி இந்தப் பக்கத்துல ஆளே இல்லீங்க, அதுல மாத்துக் கருத்தில்ல. ஆனா டீச்சர் ஊட்டுப் புள்ளைக்கே படிக்க வரலைன்னு வெளியில பேச்சு வந்துட்டா, நாளைக்கு நம்ம வேன்ல யாருங்க புள்ளைய ஏத்துவாங்க?”

“வந்துருமுங்க சார். கொஞ்சம் லேட்டாகுது, அவ்வளவுதானுங்க.”

“காலாண்டு வரைக்கும் பாருங்க. இல்லீன்னா ஒரு வருசத்துக்கு வேற பக்கம் போட்டுப் பாக்கலாம். உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. நீங்க இங்கயே இருக்கோணும்.”

அன்று பொழுதோட, வெயில் இறங்கிய நேரத்தில், இரண்டு ஆட்கள் ஏணி போட்டு பிளெக்ஸைக் கழற்றினார்கள். வேன் அந்த வழியாகத்தான் திரும்பியது. யாழினி சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, தன் முகம் பாதியாக மடிவதைப் பார்த்தாள்.

“ஏம்மா என்னையக் கழட்டறாங்க?”

“காத்துல கிழிஞ்சுருச்சு சாமி.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பொழுதோட வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. நாலே முக்காலுக்கு வேன் இறக்கிவிடும். பிள்ளைக்கு ஒரு டம்ளர் பாலும் உடைசல் முட்டையில் ஒரு ஆம்லெட்டும் கொடுத்துவிட்டு, தனப்பிரியா கூடத்தில் பாயை விரிப்பாள். யாழினியின் அப்பா முருகானந்தம் அவனுடைய பெரியப்பாவின் கோழிப்பண்ணையில் தீவனம் கலக்கும் வேலை பார்த்தான். முப்பதாயிரம் கோழிக்கு மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் அரைத்து, மருந்துத் தூள் சேர்த்துக் கலந்து மூட்டை பிடித்துவிட்டு அவன் வர ஏழு மணியாகும். அதுவரை அம்மாவும் மகளும் மட்டும்தான்.

தாம்பாளத்தில் ராகிமாவைப் பரப்பி விரலால் எழுத வைத்தாள். உப்புத்தாளை வெட்டி எழுத்துச் செய்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னாள். கடலைத் தோலை ஒட்டி அட்டை செய்தாள். கைபேசியில் யார் யாரோ சொன்ன வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். சத்தம் கேட்டால் யாழினி சொல்வாள். ‘ஹென்’ என்ற சொல்லில் எத்தனை சத்தம் என்றால் மூன்று என்று உடனே விரல் விடுவாள். எழுத்தைக் காட்டினால் எல்லாம் கலைந்துவிடும். முக்கியமாக ‘பீ’யும் ‘டீ’யும். ஒன்றுக்குக் கோட்டின் வலப்பக்கம் வயிறு, மற்றதற்கு இடப்பக்கம். பத்து தடவை சரியாகச் சொன்னால் பதினோராவது தடவை மாறும். இன்றைக்கு வந்தது நாளைக்குப் புதிதாக இருக்கும்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தனப்பிரியா ஒன்றைக் கவனித்தாள். பிள்ளை எழுத்தையே பார்க்கவில்லை. அட்டையைத் தூக்கியதும் யாழினியின் கண் அம்மாவின் முகத்துக்குத்தான் போனது. “பீ” என்று இழுப்பாள். அம்மாவின் புருவம் கொஞ்சம் அசைந்தால் “டீ” என்று மாற்றிக்கொள்வாள். இத்தனை நாளும் சரியாகச் சொன்னதெல்லாம் இப்படித்தான்.

அவள் ஒரு நோட்டை எடுத்துத் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள். மறு கையில் அட்டையைத் தூக்கினாள்.

“இப்பச் சொல்லு.”

பிள்ளை நோட்டின் ஓரமாக எட்டிப் பார்த்தது.

“சொல்லு யாழினி.”

“மூஞ்சியக் காட்டுங்கம்மா.”

“மூஞ்சியில என்ன எழுதியிருக்குது? அட்டையப் பாத்துச் சொல்லு.”

“மூஞ்சியக் காட்டுங்கம்மா. சொல்றனுங்கம்மா.”

நோட்டைக் கீழே போட்டாள். பக்கத்தில் மர ஸ்கேல் கிடந்தது. முதல் அடி உள்ளங்கையில் விழுந்தது. பள்ளியில் அவள் ஒரு பிள்ளையையும் தொட்டு அடித்ததில்லை. அதற்குப் பிறகு எத்தனை அடி என்று அவளுக்கு நினைவில்லை. பிள்ளை ஓடவில்லை. கெண்டைக்காலில் விழும்போதுகூட, வாய்க்கு வந்த எழுத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. எதுவோ ஒன்று சரியாக இருக்கும், அம்மா நிறுத்திவிடுவாள் என்று நம்பியது போல.

முருகானந்தம் தலையிலும் புருவத்திலும் மக்காச்சோள மாவு ஒட்டியபடி, செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். ஸ்கேலை அவள் கையிலிருந்து வாங்கினான்.

“உடு பிரியா. அதுக்கு வராது.”

“எப்புடி வராதுங்கறீங்க? எங்கிளாசுல எத்தனையோ புள்ளைங்களுக்கு வருது. முட்டை பொறுக்கற பீகார்க்காரர் மவனுக்கு வருது. எம்மவளுக்கு மட்டும் வராதா?”

“எனக்கும் வராது.”

“என்ன வராது?”

“எழுத்து.” அவன் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “இங்கிலீசச் சொல்லல. தமிழே வராது. எம்பேரு எழுதுவேன். நெம்பரு தெரியும். வேற ஒண்ணும் தெரியாது.”

தனப்பிரியாவுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவன்.

“பத்தாவது பெயிலுன்னு சொன்னீங்க.”

“எட்டாவதோட நின்னுட்டேன். அதுவரைக்கும் ஏத்தி உட்டுட்டே இருந்தாங்க. கடைசி பெஞ்சுல வாயத் தொறக்காம உக்கோந்திருந்தா வாத்தியாருக யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. அத நான் நல்லாப் பழகிக்கிட்டேன்.”

“கல்யாணப் பத்திரிகை வந்தா, கரண்டு பில்லு வந்தா…”

“கண்ணு எரியுது, நீயே படின்னு சொல்லுவனில்ல.”

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கைபேசியில் ஒரு எழுத்துக்கூட அனுப்பமாட்டான், குரலில்தான் பேசி அனுப்புவான். ஓட்டலில் எதிரில் இருப்பவர் சொன்னதையே தனக்கும் சொல்வான்.

“போன வருசம் மூணாம் நெம்பர் ஷெட்டுல கோழி முட்டைய நிறுத்திப்போட்டுதில்ல,” என்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “மருந்து மூட்டைய நான் நெறத்துலதான் புடிப்பேன். கம்பெனிக்காரன் பையோட நெறத்த மாத்திப்போட்டான். எனக்குத் தெரியல. பெரியப்பா நாலு ஆளுக முன்னால வெச்சுக் கேட்டாரு. குடிச்சுப்போட்டுக் கலந்துட்டேன்னு நானே சொல்லிப்போட்டேன்.”

“நீங்க குடிக்கறதில்லையே.”

“படிக்கத் தெரியலைன்னு சொல்றதுக்கு அது தேவலாம்னு இருந்துச்சு.”

வேறொரு நாளாக இருந்தால் அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாளோ என்னவோ. அன்றைக்கு, வரப்பில் தனியாக நடந்த அத்தனை விடியாலைகளும்தான் அவள் முன்னால் வந்து நின்றன.

“இத முன்னாலயே சொல்லியிருந்தா உங்களக் கட்டியிருக்க மாட்டேன்,” என்றாள். “இப்புடி ஒண்ணப் பெத்திருக்கவும் மாட்டேன்.”

யாழினி பாயின் மூலையில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முருகானந்தம் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. அடுப்பில் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு ஆறிக் கெட்டியாகிக் கிடந்தது. மூன்று பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் வேன் வந்து ஆரன் அடித்தது. யாழினி சீருடை போட்டுக்கொண்டாள், ஷூவும் போட்டுக்கொண்டாள். கேட்டைத் தாண்டி வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தபோது இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தனப்பிரியாவே நாச்சிமுத்துவிடம் போய் டி.சி. கேட்டாள். காலாண்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவர் வருத்தப்பட்டார். நல்ல காகித உறையில் போட்டுக் கொடுத்தார்.

உள்ளூர் அரசு தொடக்கப்பள்ளியில் இருபத்து மூன்று பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். தலைமையாசிரியர் அன்பழகன் ஐந்து வகுப்பில் மூன்றை ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

“உக்காருங்க டீச்சர். எம்பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய பாதிப் புள்ளைங்க உங்க வேன்லதான் போகுது. அங்கிருந்து இங்க வர்றது உங்க பாப்பாதான் மொத ஆளு.” குத்திக் காட்டிச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

தனப்பிரியா எல்லாவற்றையும் சொன்னாள். அடித்ததைச் சொன்னாள். தான் பேசியதை மட்டும் சொல்லவில்லை.

“இப்புடிப் புள்ளைங்களுக்குன்னே தனியாப் படிச்ச டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க. பன்னண்டு பள்ளிக்கூடத்துக்கு அவங்க ஒருத்தங்கதான். ஆனியில ஒருக்கா வந்தாங்க. மறுபடி எப்ப வருவாங்கன்னு அவங்களுக்கே தெரியாதுங்க.” அன்பழகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் உங்ககிட்டப் பொய் சொல்லமாட்டேன் டீச்சர். எனக்கு இதச் சொல்லிக்குடுக்கத் தெரியாது. ஆனா இங்க யாரும் அடிக்கமாட்டோம். அது மட்டும் சொல்லலாம்.”

“அது போதுமுங்களா சார்?”

“போதாதுங்க.”

பிள்ளை அந்தப் பள்ளிக்கு மறுக்காமல் போனது. அப்பாவின் வண்டியில் போய் அப்பாவின் வண்டியிலேயே வந்தது. பிள்ளையைக் கூட்டி வருவதற்காக முருகானந்தம் பெரியப்பாவிடம் கேட்டுக்கொண்டு, விடியாலை நாலு மணிக்கே தீவன மில்லுக்குப் போய்விடத் தொடங்கினான். வீட்டில் யாழினி சாப்பிட்டாள், குளித்தாள், பின்னிவிடத் தலையைக் காட்டினாள். அம்மா கேட்பதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். முதல் வாரம் தனப்பிரியா அதைக் கோபம் என்று நினைத்தாள். இரண்டாம் வாரம் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் வாரம் நாமக்கல்லில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

பள்ளியில் கே.ஜி. பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடும் சின்னாயி, தனப்பிரியாவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். ஒருநாள் மதியம் கை கழுவும் குழாயடியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“டீச்சர், ஒண்ணு சொன்னா சங்கட்டப்பட மாட்டீங்களே?”

“சொல்லுங்க ஆயா.”

“பாப்பாளுக்குப் பேச்சு நின்னு போச்சுன்னு டாக்டர்கிட்டப் போனீங்களாமா.”

“ஆமாங்க.”

“அது பேசுதுங்க. நேத்துப் பொழுதோட எங்கூட்டுக்கு வந்து ஒம்போது கோழிக்குஞ்சுக்கும் பேரு வெச்சுதுங்க. ஒண்ணுக்குப் போலீசு, ஒண்ணுக்குக் கலெக்டரு. இந்தக் குஞ்சுக கலெக்டர எங்க கண்டுதுன்னு நான் சிரிச்சேன். வாய் மூடாம பேசுதுங்க டீச்சர்.” சின்னாயி பிளாஸ்டிக் மக்கைக் கவிழ்த்து வைத்தாள். “உங்ககிட்டத்தான் பேசறதில்லையாட்ட இருக்குது.”

தனப்பிரியா குழாயை மூடினாள். மூடிய குழாயை இன்னொரு தடவை திருகி மூடினாள்.

அன்று பொழுதோட முருகானந்தம் களத்தில் உரச்சாக்கை உதறிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“அன்னைக்கு நான் பேசுனது…”

“அத உடு.”

“ரத்தம் கொதிச்சுப் போய்ச் சொல்லிப்போட்டனுங்க.”

“என்னையப் பத்திச் சொன்னதுக்கு எனக்குச் சங்கட்டமில்ல பிரியா. சின்னதுல இருந்து வாத்தியாருக சொன்னதுதான். எங்கய்யன் சொன்னதுதான். எனக்குப் பழகிப் போச்சு.” சாக்கை நான்காக மடித்தான். “ஆனா அவ கேட்டுட்டா.”

“நான் என்ன பண்ணட்டுங்க?”

“எனக்குத் தெரிஞ்சா சொல்லமாட்டேனா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, ஈரம் துவட்டி, இடியாப்பம் போலப் பிழிந்த சந்தவையைத் தேங்காய்ப் பாலில் பிசைந்து ஊட்டினாள். பிள்ளை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. கடைசி வாய் ஊட்டிவிட்டு அதைத் தன் முன்னால் உட்கார வைத்தாள்.

“சாமி, அம்மா உன்னைய அடிச்சது தப்பு. அதவிட, பேசுனது தப்பு. அம்மாளுக்கு நீ வேணும். நீ படிக்கவே வேண்டாம். படிக்காட்டிப் போகுது. ஒரு வார்த்த பேசு கண்ணு. அம்மான்னு ஒருக்காச் சொல்லு.”

யாழினி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம், கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையோ கண்டுபிடிக்கப் பார்ப்பது போல இருந்தது. பிறகு எழுந்து அலமாரிக்குப் போனாள். கீழ்த்தட்டில் கிடந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் முன்னால் பாயில் வைத்துப் பிரித்தாள். வலது கையை நீட்டி, உள்ளங்கையை மேலாக விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள்.

தனப்பிரியா அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கை விறைத்து அப்படியே இருந்தது. மடங்கவும் இல்லை, அவள் முகத்தைத் தொடவும் இல்லை.

அவள் வேலையை விடவில்லை. விட்டுவிடலாம் என்று இரண்டு முறை கடிதம் எழுதிக் கிழித்தாள். வீட்டில் இருந்தால் பகல் முழுவதும் அந்த மௌனத்தோடு இருக்க வேண்டும். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ‘மிஸ், மிஸ்’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் திரும்பிப் பார்த்தாள். கே.ஜி. பிள்ளைகள் வரிசையாகப் போகும்போது மட்டும் கரும்பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஒரு வியாழக்கிழமை, மறுநாள் பாடத்துக்காகக் கரும்பலகை ஓரத்தில் நாலைந்து புதுச் சொற்களை எழுதிப்போட்டுவிட்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். வகுப்பில் இனியன் என்று ஒரு பையன். ஜூனிலிருந்து ஒரு சொல்லையும் ஒட்டிச் சொல்லத் தெரியாதவன், நான்கு மாதமாகக் கடைசி வரிசையில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவன். அவன் எழுந்து நின்றான்.

“மிஸ், ஷ்… ஷிப். மிஸ், அது ஷிப்.”

தனப்பிரியா திரும்பிப் பார்த்தாள். அதை அவள் இன்னும் சொல்லித் தரவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க முடியாது. அவன் கண் அவள் முகத்தில் இல்லை. பலகையிலேயே இருந்தது.

“அடுத்ததப் படி.”

“ஃபி… ஃபிஷ்.”

பிள்ளைகள் கை தட்டின. அந்த வகுப்பில் யார் புதிதாகப் படித்தாலும் எல்லோரும் கை தட்டுவது அவள் ஏற்படுத்திய வழக்கம். அவளும் தட்டினாள். “வெரி குட் இனியன்” என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது. ஆறு வருடமாக இந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் பள்ளிக்கு வந்தாள். இந்த நொடியில் நெஞ்சு நிறையும் என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அங்கே ஒன்றுமே நிறையவில்லை. பையன் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பின் மேல் அவளுக்கு ஓர் ஆத்திரம் வந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் மேல். அது தெரிந்ததும் சாக்பீஸை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.

மழை வலுக்கும் என்று அன்று மூன்று மணிக்கே பள்ளியை விட்டுவிட்டார்கள். அரசுப் பள்ளியையும் விட்டிருப்பார்கள் போல. வேன் அவளைத் தெருமுனையில் இறக்கியபோது முருகானந்தத்தின் வண்டி வீட்டு முன்னால் நனைந்துகொண்டு நின்றது. நோட்டுக் கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். கேட்டுப் பக்கம் வந்ததும் நின்றாள்.

உள்ளே குரல் கேட்டது. தெளிவான, உயரமான, மூச்சு விடாத குரல். இரண்டு மாதமாக அவள் கேட்காத குரல்.

“அப்பறம் அந்த முட்டை லாரியிலயே பொரிஞ்சு போச்சு. குஞ்சு வெளிய வந்து பாத்தா, கேரளாவுல நிக்குது. குஞ்சுக்கு அம்மா கிட்டப் போகோணும். ரோட்டுல பெரிய பெரிய போர்டா இருக்குது. குஞ்சுக்குப் படிக்கத் தெரியாதில்ல.”

“அப்பறம் எப்புடிப் போச்சு?” என்றான் முருகானந்தம்.

“அது ஒரு மாட்டக் கேட்டுது. ஏனுங்க மாடு, புதுச்சத்திரம் எந்தப் பக்கமுங்க? மாடு சொல்லுச்சு, எனக்குந்தான் சாமி படிக்கத் தெரியாது, நீ லாரிக்காரரக் கேளு.” மாட்டுக்கு ஒரு குரல், குஞ்சுக்கு ஒரு குரல். முருகானந்தம் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. “அப்பறம் அது ஒரு லாரியில ஏறிக்கிச்சு. அந்த லாரிக்காரரு இருக்காரில்ல, அவரு…”

தனப்பிரியா கேட்டின் கொண்டியில் கை வைத்தாள். தூக்கினால் அது கிரீச்சிடும். உள்ளே அந்தப் பேச்சு நின்றுவிடும். பிள்ளை வாயை மூடிக்கொண்டு பாயில் நகர்ந்து உட்காரும்.

கையை எடுத்துக்கொண்டாள். தூறல் கனத்து மழையாகியது. நோட்டுக் கட்டின் ஓரத்தில் மை கரைந்து அவள் சேலையில் இறங்கியது. எதிர்வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து, “ஏனுங்க டீச்சர், நனைஞ்சுட்டு நிக்கறீங்க?” என்று கேட்டார். அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். உள்ளே கதையில் லாரி இன்னும் கேரள எல்லையிலிருக்கும் வாளையாற்றைக்கூடத் தாண்டவில்லை. அவள் சுவரோரமாகச் சாய்ந்து, கேட்டுக்கொண்டு நின்றாள்.